இரவு ரவுண்டும் பாட்டியின் தூக்கமும்: முதியோர் இல்லத்துக்கு எந்தக் கண்காணிப்பு?

அதிகாலை 5.15-க்கு நடைவழியில் நின்று பார்த்தால், ஒரு முதியோர் இல்லத்தில் இரவு எப்படிப் போனது என்று தெரிந்துவிடும். சில இல்லங்களில் விளக்கு அணைந்திருக்கும். சீக்கிரம் எழுந்து பழகிய இரண்டு மூன்று பேர் மட்டும் காப்பிக்காகக் காத்திருப்பார்கள். வேறு சில இல்லங்களில் பத்துப் பன்னிரண்டு பேர் தலையில் ஈரம் காயாமல், நெற்றியில் திருநீறு பூசப்பட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகளில் வரிசையாக உட்கார வைக்கப்பட்டிருப்பார்கள். பாதிப் பேர் தலை ஒரு பக்கம் சரிந்து தூங்கிக்கொண்டிருப்பார்கள். டிபன் வர இன்னும் மூன்று மணி நேரம் ஆகும். இரவுப் பதிவேட்டைப் புரட்டினால், பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை இல்லத்தில்தான் எல்லாக் கட்டமும் ஒழுங்காக நிரம்பியிருக்கும்.

இரவுக் கண்காணிப்புக்கு என்ன செய்யலாம் என்று நிர்வாகிகள் யோசிக்கும்போது முன்னால் நிற்பது ஒரே கவலைதான்: நைட் டூட்டி ஆள் தூங்கிவிடுகிறாரா? நியாயமான கவலை. ஆனால் அதை மட்டும் அளக்கிற எந்த ஏற்பாடும், தான் விழித்திருந்ததைக் காட்டுவதற்காகப் பணியாளர் முதியவரை எழுப்புவதில் போய் முடிகிறது. மணிக்கொரு முறை கதவு திறக்கும், டியூப்லைட் எரியும், ஓர் அட்டை தேய்க்கப்படும். உள்ளே படுத்திருப்பவரின் தூக்கம் அத்தோடு போச்சு. அதனால் இங்கே ஒவ்வொரு வழியையும் இரண்டு கேள்விகளை வைத்தே எடைபோடுகிறோம். உதவி தேவைப்பட்டவருக்கு அது நேரத்துக்குக் கிடைத்ததா? தேவைப்படாதவர் தன் வழக்கப்படி தூங்கி, தன் நேரத்துக்கு எழுந்தாரா?

4 மணிக் குளியலின் கணக்கு

எந்தக் கருவி வாங்கும் முன்பும் போட வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. 30 பேர் உள்ள இல்லம். இரவு 8 முதல் காலை 8 வரை இரண்டு பணியாளர்கள் என்று வைத்துக்கொள்வோம். 12 பேருக்குக் குளிக்கவும் உடுத்தவும் முழு உதவி வேண்டும். ஒருவரை எழுப்பி, கழிப்பறைக்கு அழைத்துப்போய், குளிப்பாட்டி, துவட்டி, உடை மாற்றி, படுக்கை விரிப்பைச் சரிசெய்ய அவசரமில்லாமல் செய்தால் 25 நிமிடம் பிடிக்கும். 12 பேருக்கு 300 நிமிடம், ஆளுக்கு 150. பகல் ஆட்கள் 8 மணிக்கு வரும்போது எல்லோரும் தயாராக இருக்க வேண்டும் என்றால் 5.30-க்குத் தொடங்கியாக வேண்டும். இதே நேரத்தில்தான் டயப்பர் மாற்றுவது, யூரின் பாட்டில் கொட்டுவது, சர்க்கரை பார்ப்பது, காப்பி கொடுப்பது எல்லாம் வரும். கனமான ஒருவரைத் தூக்க இரண்டு பேரும் சேர வேண்டியிருக்கும். ஆக, தொடக்க நேரம் தானாக 4 மணிக்கு நகர்ந்துவிடும்.

இதில் சோம்பலும் இல்லை, கொடுமையும் இல்லை. வேலையைப் பங்கிட்ட விதம்தான் இப்படிச் செய்கிறது. எட்டு கேமரா வைத்தாலும் இது மாறாது. மாற வேண்டுமென்றால் மூன்று காரியம் செய்ய வேண்டும். காலை 6 முதல் 10 வரை மட்டும் வரும் ஓர் இடைப்பணி ஆள். குளியல் எல்லாம் காலையிலேயே முடிய வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டு, சிலருக்கு 10 மணிக்கு மேல், சிலருக்கு மாலை 4 மணிக்கு என்று மாற்றுவது. மூன்றாவதாக, எழுத்தில் ஒரு விதி: 6 மணிக்கு முன் எழுப்பலாம் என்ற பட்டியலில் பெயர் இல்லாத யாரையும் இரவு ஆள் எழுப்பக் கூடாது, எழுப்பாததற்காகப் பகல் ஆட்கள் யாரும் அவரைக் குறை சொல்லவும் கூடாது. கடைசிப் பாதியை விட்டுவிட்டால் விதி ஒரு வாரம்கூட நிற்காது.

அந்தப் பட்டியலை எப்படித் தயாரிப்பது என்பதில் கவனம் வேண்டும். “எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்கம்மா?” என்று கேட்டால், “உங்க வசதி போல பண்ணுங்க தாயி” என்றுதான் பதில் வரும். வீட்டை விட்டு வந்தவர்கள் எதையும் கேட்டுப் பெறத் தயங்குவார்கள். அதனால் நேரத்தை நேராகக் கேட்காமல் வாழ்க்கையைக் கேட்க வேண்டும். வீட்டில் முதல் காப்பி யார் போடுவார்கள், அப்போது வெளிச்சம் வந்திருக்குமா? பேப்பர் வந்தபின் எழுவாரா, முன்னாலா? மில்லில் இரவு ஷிஃப்ட் பார்த்தவரா? அப்படிப்பட்டவர் பலருக்கு ஓய்வுபெற்று இருபது ஆண்டு ஆன பின்னும் நள்ளிரவு தாண்டித்தான் தூக்கம் வரும். ஃபஜ்ர் தொழுகை உண்டா? விடியற்காலையில் ஜெபமாலை சொல்வாரா? எண்ணெய்க் குளியல் வெள்ளியா, சனியா? தலைக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுவாரா? பதிலை மகனிடமும் மகளிடமும் சரிபார்த்து, சேர்ந்த மூன்றாம் வாரம் மறுபடி அவரிடமே கேட்க வேண்டும். புது இடத்தில் முதல் இரண்டு வாரத் தூக்கம் அவருடைய இயல்பான தூக்கமாக இருக்காது.

வழக்கத்தை மதிப்பது என்றால் எல்லோரையும் நெடுநேரம் தூங்கவிடுவது என்று பொருளில்லை. வயல்வேலைக்குப் போய்ப் பழகிய தாத்தா 4.30-க்கு எழுந்து உட்கார்ந்தால், “இன்னும் விடியலை, படுங்க” என்று அதட்டுவதும் அதே தவறுதான். அவருக்கு ஒரு ஃபிளாஸ்க் காப்பியும், பக்கத்துக் கட்டிலில் இருப்பவரை எழுப்பாத ஓர் உட்காரும் இடமும் வேண்டும்.

ரவுண்டு: எல்லோருக்கும் ஒரே நேரமா, ஆளுக்கொரு நேரமா?

2 மணி நேரத்துக்கு ஒரு முறை எல்லா அறையையும் பார்ப்பது மருத்துவமனையிலிருந்து வந்த பழக்கம். படுத்த படுக்கையாக இருப்பவருக்குப் படுக்கைப்புண் வராமல் புரட்டிவிடுவதற்கான இடைவெளி அது. அதை, தானே எழுந்து கழிப்பறை போய்வருகிறவர் மீதும் போட்டால் பயன் ஒன்றுமில்லை. 30 பேருக்கு 10, 12, 2, 4, 6 மணி என ஐந்து ரவுண்டு போனால் ஓர் இரவில் 150 முறை எட்டிப்பார்க்க வேண்டும். அதில் பெரும்பகுதி ஒன்றும் செய்யத் தேவையில்லாத பார்வை. இந்த எண்ணிக்கைதான் பதிவேட்டில் பொய் எழுதவும் தூண்டுகிறது.

படுக்கையில் இருப்பவருக்கே 2 மணி என்பது கட்டாயமா? அமெரிக்க, கனடிய முதியோர் இல்லங்களில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், அடர்த்தியான ஃபோம் மெத்தையில் படுத்திருந்தவர்களை 2, 3, 4 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டியதில் படுக்கைப்புண் வருவதில் வித்தியாசம் தெரியவில்லை. சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு 2014-இல் தந்த வழிகாட்டுதல், ஆபத்து உள்ளவருக்குக் குறைந்தது 6 மணி நேரத்துக்கு ஒருமுறை, அதிக ஆபத்து உள்ளவருக்கு 4 மணி நேரத்துக்கு ஒருமுறை என்கிறது. இதை அப்படியே நம் இல்லங்களுக்குக் கொண்டுவர முடியாது. நம் ஊரில் பாதிக் கட்டில்களில் அழுந்திப்போன தேங்காய்நார் மெத்தையோ கட்டிதட்டிய இலவம்பஞ்சு மெத்தையோதான் கிடக்கிறது. மெத்தையை மாற்றிய பிறகுதான் இடைவெளியை நீட்ட வேண்டும்.

நீட்டும்போது பார்க்க வேண்டிய இடங்கள் இடுப்பின் பின்புறம், குதிகால், கணுக்கால், தோள்பட்டை. சிவந்த இடத்தை விரலால் 3 விநாடி அழுத்தி எடுத்தால் வெளுத்துப் பிறகு நிறம் திரும்ப வேண்டும். வெளுக்காவிட்டால் அந்த இடைவெளி அவருக்கு ஒத்துவரவில்லை. உடனே குறைத்து, காலையில் டாக்டரிடம் சொல்ல வேண்டும். கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. அங்கே கை வைத்துப் பார்த்து, சுற்றியுள்ள தோலைவிடச் சூடாக, கெட்டியாக, அல்லது கொளகொளவென்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காற்று மெத்தை போட்டிருந்தால் அதன் மோட்டார் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். கரண்ட் போய் மெத்தை இறங்கினால், முதியவர் கட்டில் பலகையின் மேல் படுத்திருக்கிறார் என்று அர்த்தம். அதைக் கவனிக்க இரவில் வேறு யாரும் இல்லை.

ஆளுக்கொரு இரவுத்தாள் எழுதுவதே எங்கள் தேர்வு. ஒரு மாதிரி இப்படி இருக்கும்: ‘வலப்பக்கம் பக்கவாதம். அழைப்பு மணி இடக் கைக்கு. 10.15-க்கு டயப்பர் மாற்றி, இடப்பக்கம் 30 டிகிரி சாய்த்து, முதுகுக்கு ஒரு தலையணை, கெண்டைக்காலுக்குக் கீழே ஒன்று, குதிகால் மெத்தையில் படக் கூடாது. 2.15-க்குப் பக்கம் மாற்றும்போதே டயப்பரில் ஈரம் பட்டால் நிறம் மாறும் கோட்டைப் பார்த்து, நனைந்திருந்தால் மட்டும் மாற்றி, விழித்திருந்தால் இரண்டு மடக்குத் தண்ணீர். பேசுவதென்றால் இடக் காதுக்கு. 6.30 வரை வேறு எதற்கும் தொட வேண்டாம். முதலில் காப்பி, பிறகு பல்.’ ஒரே எழுப்பலில் மூன்று வேலையும் முடிகிறது. டயப்பரைப் பொறுத்தவரை, இரவுக்குப் பக்கவாட்டில் ஒட்டும் வகையே வசதி. பேண்ட் போல மாட்டும் வகையை மாற்ற, ஆளை ஏறக்குறைய முழுக்க எழுப்பியாக வேண்டும்.

30 பேரை இப்படிப் பிரித்தால், யாரும் கதவைத் திறக்கத் தேவையில்லாதவர்கள் ஏறக்குறைய பாதி இருப்பார்கள். இரவில் ஒருமுறை உதவி வேண்டியவர்கள் பத்துப் பேர், முழுக்கப் படுக்கையில் இருப்பவர்கள் ஐந்தாறு பேர் என்று அமையும். இடைவெளிகளை வாராவாரம் பார்த்துத் திருத்த வேண்டும். நீர் பிரியும் மாத்திரையை இரவில் கொடுத்துக்கொண்டிருந்தால், காலைக்கு மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். இரவில் மூன்று முறை எழுந்தவர் ஒருமுறை எழுவதோடு நின்றுவிடலாம்.

அழைத்தால் மட்டும் போவது என்ற மூன்றாவது வழியும் உண்டு. தெளிவாக இருக்கிற, மணியை அழுத்தத் தெரிந்த, நடக்க முடிகிறவருக்கு மட்டுமே அது சரி. மறதிநோய் உள்ளவர் மணியை அழுத்த மாட்டார். 2 மணிக்குக் கழிப்பறையில் விழுந்து 6 மணி வரை தரையில் கிடந்தால், எலும்பு முறியாவிட்டாலும் தசை நசுங்கிச் சிறுநீரகம் வரை பாதிக்கும்.

பதிவேடும் ஸ்கேனும்

கையால் எழுதும் பதிவேடு செலவில்லாதது, ஏமாற்றுவதும் எளிது. காலை 6 மணிக்கு ஒரே மூச்சில் நிரப்பியதை மூன்று அடையாளங்கள் காட்டிக்கொடுக்கும்: எல்லா நேரமும் முழுமணியாக இருப்பது, பத்து வரிக்கும் ஒரே பேனாவின் ஒரே அழுத்தம், மருத்துவமனைக்குப் போய்விட்ட ஒருவருக்கும் ‘நன்றாகத் தூங்கினார்’ என்ற வரி. ‘டிக்’ போடும் கட்டங்களை எடுத்துவிட்டு, பார்த்தால் மட்டுமே எழுதக்கூடிய ஒன்றைக் கேளுங்கள். எந்தப் பக்கம் படுத்திருந்தார்? பாட்டிலில் எத்தனை மில்லி? விழித்திருந்தால் என்ன கேட்டார்? டயப்பரை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். எட்டு மாற்றியதாக எழுதி ஐந்துதான் குறைந்திருந்தால் கேள்வி தானாக எழும். தூக்க மாத்திரைப் பட்டையையும் அப்படியே எண்ண வேண்டும். அமைதியான இரவு வேண்டுமென்று டாக்டர் எழுதாத அரை மாத்திரையைக் கொடுப்பதுதான் இருப்பதிலேயே ஆபத்தான குறுக்குவழி. மறுநாள் காலைத் தள்ளாட்டமும் விழுவதும் அதில்தான் தொடங்கும்.

க்யூஆர் ஸ்டிக்கர் அல்லது காவலாளிகள் தேய்க்கும் வில்லை என்பது பல செக்யூரிட்டி நிறுவனங்கள் தரும் அமைப்பு. கட்டடத்தைக் காக்க நல்லது. ஆளைப் பார்த்துக்கொள்ள அவ்வளவாக உதவாது. க்யூஆரைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு நாற்காலியிலிருந்தே ஸ்கேன் செய்துவிடலாம். போனை ஒட்டிக் கொண்டுபோனால் மட்டும் பதியும் என்எஃப்சி வில்லையில் அது நடக்காது. ஆனால் வில்லையைக் கதவு நிலையில் ஒட்டினால் உள்ளே பார்க்காமல் போய்விடுவார். கட்டிலருகே ஒட்டினால் தூங்குகிறவர் பக்கத்தில் ஒவ்வொரு முறையும் ‘பீப்’. வாங்குவதென்றால் வாசல், சமையலறை காஸ், மொட்டைமாடிக் கதவு, கழிப்பறை வரிசை, மருந்து அலமாரி ஆகிய ஐந்து இடத்தில் மட்டும் ஒட்டுங்கள். அறைகளுக்கு வேண்டாம்.

கேமரா: எங்கே, எதற்கு

நடைவழியிலும் பொது அறையிலும் கேமரா வைப்பதை ஆதரிக்கிறோம். ஒரு சம்பவம் நடந்த பிறகு, யார் எந்த அறைக்கு எத்தனை மணிக்குப் போனார் என்பதை அது சொல்லும். நேர்மையான பணியாளர் மீது பொய்ப்புகார் வந்தால் காப்பாற்றுவதும் அதுதான். ஆனால் அதுவே கண்காணிப்பு என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். 12 மணி நேரப் பதிவை உட்கார்ந்து பார்க்க யாருக்கும் நேரமில்லை. வாரத்துக்கு ஓர் இரவைக் குலுக்கல் போல எடுத்து, 12.30 முதல் 1 வரை, 3 முதல் 3.30 வரை, 4.15 முதல் 5.30 வரை எட்டு மடங்கு வேகத்தில் ஓட்டினால் ஏறக்குறைய 17 நிமிடத்தில் முடிந்துவிடும். முதலிரண்டு துண்டில் ஆள் நடமாட்டம் தெரியும். மூன்றாவதில் யாரை எத்தனை மணிக்கு எழுப்பினார்கள் என்பது தெரியும்.

வாங்கும்போது கடைக்காரர் சொல்லாத சில விஷயங்கள் உண்டு. 2 மெகாபிக்சல் கேமரா நொடிக்கு 2 மெகாபிட் வீதம் பதிந்தால் நாளொன்றுக்குச் சுமார் 21 ஜிபி. எட்டு கேமராவுக்கு 170 ஜிபிக்கு மேல். 2 டிபி ஹார்டு டிஸ்க் பதினோரு நாளில் நிரம்பிப் பழையதை அழிக்கத் தொடங்கும். குடும்பத்தார் மாதம் ஒருமுறைதான் வருகிறார்கள் என்றால், அவர்கள் கேள்வி கேட்கும்போது பதிவு இருக்காது. 4 டிபி போட்டு, இரவு 8 முதல் காலை 8 வரை மட்டும் பதிந்தால் ஒன்றரை மாதம் தாங்கும். ரெக்கார்டரின் கடிகாரத்தை மாதம் ஒருமுறை சரிபாருங்கள். அது ஏழு நிமிடம் பிந்தியிருந்தால் மணி அழைப்பின் நேரத்தோடு எதுவும் பொருந்தாது. இருட்டில் பார்க்கும் கேமராக்களில் 850 நானோமீட்டர் எல்ஈடி உள்ளவை மங்கிய சிவப்புப் புள்ளிகளாக மின்னும். மறதிநோய் உள்ளவருக்கு அது யாரோ உற்றுப்பார்ப்பது போலத் தோன்றி அலறலாம். 940 நானோமீட்டர் வகை கண்ணுக்குத் தெரியாது. தூரம் மட்டும் கொஞ்சம் குறையும்.

படுக்கையறைக்குள் கேமரா வைக்கச் சொல்லிக் கேட்பது இப்போது அதிகம், குறிப்பாக வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள். நமக்கு இரவு 2 மணி என்றால் நியூயார்க்கில் மாலை நேரம். அம்மா தூங்குவதை போனில் பார்த்துக்கொண்டிருக்க அவர்களால் முடியும். அந்தப் பதைப்பு புரிகிறது. ஆனால் அதே கேமராவில்தான் அம்மாவுக்கு உடை மாற்றுவதும் டயப்பர் மாற்றுவதும் விழும். இரண்டு கட்டில் உள்ள அறையென்றால் பக்கத்துக் கட்டில் பாட்டியும் விழுவார், அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். சம்மதமில்லாமல் ஒருவருடைய அந்தரங்க உறுப்புகளைப் படம்பிடிப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 66-இ பிரிவில் 3 ஆண்டு வரை சிறையோ 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கக்கூடிய குற்றம். தனி அறையாக இருந்து, முதியவரே தெளிவாகக் கேட்டு எழுத்தில் கொடுத்தால், கட்டிலின் மேல் விழாமல் கதவையும் தரையையும் மட்டும் பார்க்கும்படி, ஒலிப்பதிவை அணைத்து வைக்கலாம். மற்ற எல்லா இடத்திலும் ‘வேண்டாம்’ என்பதே எங்கள் பதில். அந்தப் பிள்ளைகளுக்குக் காலையில் அம்மாவின் இரவுத்தாளைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். அதில் கேமராவைவிடக் கூடுதலாகத் தெரியும்.

அழைப்பு மணி

பணத்தை ஒரே இடத்தில்தான் போட முடியும் என்றால் இங்கே போடுங்கள்: அழுத்திய நேரத்தையும் அணைத்த நேரத்தையும் பதிந்து வைக்கும் அழைப்பு மணி. மின்சாமான் கடையில் கிடைக்கும் சாதாரண வயர்லெஸ் மணி அடிக்கும், பதியாது. கண்காணிப்புக் கருவிகளில் முதியவரின் தேவையிலிருந்து தொடங்குவது இது ஒன்றுதான். அவர் கூப்பிட்டார், இத்தனை நிமிடத்தில் ஆள் வந்தார், அவ்வளவே.

அணைக்கும் பொத்தான் கட்டிலருகே மட்டும் இருக்க வேண்டும். பணியாளர் மேசையிலேயே அணைக்க முடிந்தால் பதிவுக்கு மதிப்பில்லை. 5 நிமிடத்துக்குள் போவதைப் பொது அளவாக வையுங்கள். 10 நிமிடம் தாண்டியவற்றை மட்டும் எடுத்துக் காரணம் கேளுங்கள். அப்போது இன்னொருவரைத் தூக்கிக்கொண்டிருந்தார் என்றால் அது ஆள் பற்றாக்குறை. அதற்குப் பணியாளரைத் திட்டிப் பயனில்லை.

ஏழு இரவாக ஒரு முறைகூட அடிக்காத அறையை முதலில் போய்ப் பாருங்கள். உள்ளே இருப்பவருக்கு உதவி தேவைப்படாமல் இருக்கலாம். பேட்டரி தீர்ந்திருக்கலாம். மணி ஒயர் சுருட்டி, சுவர் ஆணியில் எட்டாத உயரத்தில் மாட்டப்பட்டிருக்கலாம். கடைசிக் காரணம்தான் அடிக்கடி கண்ணில் படுவது. ‘தொல்லை’ என்று பெயரெடுத்தவரின் மணிதான் அப்படி ஆணிக்குப் போகும். ஓர் இரவில் இருபது முறை அழுத்துகிறவருக்குச் சிறுநீர்த் தொற்றோ, மலச்சிக்கலோ, வலியோ, இருட்டுப் பயமோ இருக்கும். அதைத் தீர்த்தால் எண்ணிக்கை இறங்கும். வாரத்தில் ஒரு நாள், கடைசிக் கழிப்பறையிலிருந்து அழுத்தி மேசையில் கேட்கிறதா என்று சோதியுங்கள். கான்கிரீட் சுவர் இரண்டைத் தாண்டும்போது பல வயர்லெஸ் மணிகள் தடுமாறும்.

மணி அழுத்தத் தெரியாதவருக்கு, அவர் எழுந்ததும் தகவல் சொல்லும் படுக்கை உணரி உதவும், ஆனால் எல்லோருக்கும் வேண்டாம். எழுந்தால் அலறும் பாய் விழுவதைக் குறைக்கும் என்பது நம்பிக்கைதான். 2012-இல் வெளியான ஓர் அமெரிக்க மருத்துவமனை ஆய்வில் படுக்கை அலாரத்தை அதிகம் பயன்படுத்தியும் விழுவது குறையவில்லை. விழுந்தவர் நெடுநேரம் கிடக்காமல் பார்க்கத்தான் அது. ஒலி அறைக்குள் அடிக்கக் கூடாது, பணியாளரின் பேஜரில் அடிக்க வேண்டும். அறைக்குள் அடித்தால் முதியவர் திடுக்கிட்டு அவசரமாக எழுவார், அல்லது பயந்துபோய் அசையாமலே படுத்திருப்பார். இரண்டும் கேடு.

சொல்லாமல் வருவது

இரவை நேரில் பார்ப்பதற்கு ஈடாக எந்தக் கருவியும் இல்லை. முதியோர் உதவி எண் 14567 காலை 8 முதல் இரவு 8 வரைதான் இயங்குகிறது. நள்ளிரவில் நடப்பதை இல்லத்தின் சொந்த ஏற்பாடுதான் பார்த்தாக வேண்டும். மாதம் இரண்டு முறை போதும். அதில் ஒன்று 4-க்கும் 5.30-க்கும் இடையே இருக்கட்டும். ஞாயிறும் பண்டிகை இரவும் விடுபடக் கூடாது.

நிர்வாகி வண்டியை நிறுத்தும்போதே வாட்ச்மேன் உள்ளே போன் செய்துவிடுவார். பகைமையில்லை, கூட வேலை செய்கிறவர் மீதுள்ள பரிவு. அதனால் முந்திய மாலையே வந்து, கணக்கு பார்ப்பதாகச் சொல்லி ஆபீஸ் அறையில் படுத்துக்கொண்டு, 4.30-க்கு எழுந்து நடப்பதே நல்ல வழி. இரண்டு பேராகப் போங்கள், ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். ரப்பர் செருப்பு, தரையை நோக்கிய சிறு டார்ச், விளக்கு போடக் கூடாது. வந்தவர் நான்கு பேரை எழுப்பிவிட்டால் அந்தச் சோதனையே தவறு.

பணியாளர் கண் மூடியிருக்கிறாரா என்பதோடு நின்றுவிடாதீர்கள். மணியும் தண்ணீர் டம்ளரும் கைக்கு எட்டுகிறதா? கழிப்பறைத் தரை ஈரமா? எத்தனை பேர் குளித்து உடுத்தி உட்கார்ந்திருக்கிறார்கள், அதில் எத்தனை பேர் பட்டியலில் இருப்பவர்கள்? ஹீட்டர் போட்டிருக்கிறார்களா, அல்லது மார்கழிக் குளிரில் பச்சைத்தண்ணீரா? கட்டில் தடுப்புக் கம்பியில் யாரையாவது துணியால் கட்டியிருக்கிறதா? கட்டியிருந்தால் அங்கேயே அவிழ்த்து, அன்றே விசாரிக்க வேண்டும்.

பார்த்ததைப் பணியாளரிடம் அப்போதே சொல்லுங்கள், நல்லதையும் சேர்த்து. மறுநாள் 11 மணிக்கு, இரவுப் பணியில் இல்லாத ஒருவர் முதியவர்கள் ஐந்து பேரிடம் தனியாகப் பேசட்டும்: “காலையில யாரும்மா எழுப்பினாங்க? தானா முழிச்சீங்களா? ராத்திரி கூப்பிட்டா வந்தாங்களா? தண்ணி சூடா இருந்துச்சா?” பதில் சொல்ல முடியாதவரை டிபன் நேரத்தில் பார்க்கலாம். இட்லியைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கினால், இரவு பற்றித் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது.

பணியாளரின் தூக்கம்

பகலில் சமையலுக்கு உதவிவிட்டு, இரவு அதே கட்டடத்தில் டூட்டி பார்க்கும் ஆயா 2 மணிக்குத் தூங்கினால் தவறு டூட்டி போட்டவருடையது. விழித்திருக்க வேண்டிய பணி, அழைத்தால் எழும் பணி இரண்டும் வேறு. எதற்குச் சம்பளம் கொடுக்கிறோம் என்று எழுத்தில் சொல்லிவிட வேண்டும். இரண்டு பேர் இருந்தால் 1 முதல் 3 மணிக்குள் ஆளுக்கு முக்கால் மணி நேரம், முறை வைத்து, வெளிப்படையாகப் படுக்க அனுமதியுங்கள். மறைத்துத் தூங்கும்போதுதான் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தூங்குவார்கள்.

எந்த இல்லத்துக்கு எது

40, 50 பேர் உள்ள இல்லத்துக்கு இரவுத்தாள், பதியும் மணி, நடைவழிக் கேமரா, மாதம் இரண்டு திடீர் வருகை ஆகிய நான்கும் வேண்டும். இவற்றோடு, விழுந்த வரலாறு உள்ள நாலைந்து பேருக்கு மட்டும் உணரி. 30 பேர் இல்லத்தில் பணம் குறைவென்றால் கேமராவைத் தள்ளிப்போட்டு, அந்தத் தொகையில் காலை 6 மணி இடைப்பணி ஆளை வையுங்கள். இரவுத்தாளுக்குக் காகிதச் செலவு மட்டும்தான், அதை இன்றே தொடங்கலாம்.

10 பேர் உள்ள சிறிய இல்லத்தின் சிக்கல் வேறு. இரவில் ஒரே ஒருவர்தான் இருப்பார். படுக்கையில் இருப்பவரைத் தனியாகப் புரட்டினால் அவருக்கும் முதுகு போகும், முதியவருக்கும் தோல் உரசிக் கிழியும். வாட்ச்மேனைத் துணைக்குக் கூப்பிடுவார்கள். பெண்கள் இருக்கும் அறையில் அது சரியில்லை. இழுக்காமல் நகர்த்த வழுக்கும் விரிப்பு ஒன்று வாங்கி, இரண்டு பேர் வேண்டிய புரட்டலை ஆள் மாறும் இரவு 8 மணிக்கும், சமையல்கார அம்மா வரும் 5.30-க்கும் வைத்து, நடுவில் இரண்டு முறை தலையணையை உருவி மாற்றி 30 டிகிரி சாய்ப்பை மட்டும் பக்கம் மாற்றலாம். இதை ஒருவராலேயே செய்ய முடியும். சமையல்கார அம்மாவுக்கு அந்த அரை மணி நேரத்துக்குத் தனியாகச் சம்பளம் பேசி, புரட்டும் முறையை ஒரு நர்ஸை வைத்துக் கற்றுக்கொடுத்துவிட வேண்டும்.